பொழுது இருக்குதா?

அம்மாவின் இடுப்பு எலும்பு முறிந்தது ஒரு பாமாயில் பாக்கெட்டால். செஞ்சியில், ரேஷன் கடை வாசலில், யாருடைய பையிலிருந்தோ நழுவி விழுந்து உடைந்த பாக்கெட் அது. அதை யாரும் கழுவிவிடவில்லை. ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிட்டுப் போயிருந்தார்கள். மண் கிடக்கும் இடம் வழுக்காது என்று நம்பி அம்மா சரியாக அங்கேதான் காலை வைத்தாள். அறுபத்தாறு வயது. விழுந்து கிடந்தவள் முதலில் கேட்டது சர்க்கரை கொட்டிப்போச்சா என்றுதான்.

நான் அப்போது நெல் மண்டியில் இருந்தேன். எடை மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மூட்டையோடு வருகிறவர்களுக்கு வரிசைச் சீட்டு கிழித்துக் கொடுப்பது என் வேலை. பின்னால் இதைச் சொல்ல வேண்டிய அவசியம் வரும், அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், வலிக்கு ஊசி போட்டார்கள், கால் அசையாமல் கட்டினார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இடுப்பு ஆபரேஷனைப் பண்ணுகிற டாக்டரும் தியேட்டரும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் என்றார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றினோம். அது எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று நான் சொல்லப்போவதில்லை. செஞ்சியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கண்ணுக்கு எட்டிய தூரம் மலையே கிடையாது. இந்த இரண்டும் போதும்.

மலை எதற்கு என்றால், எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தை மலைதான் தீர்மானிக்கும். எங்களுடையது சமண வீடு. வடக்கிலிருந்து கடை வைக்க வந்தவர்கள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, இந்த மண்ணிலேயே நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிர் வைத்தவர்கள் நாங்கள். ஆனால் இப்போது எல்லாரும் எல்லாவற்றையும் கடைப்பிடிப்பதில்லை. நான் மண்டியிலிருந்து எட்டு மணிக்கு வந்து சாப்பிடுகிறவன். அம்மா அப்படி இல்லை, பொழுதோடு சாப்பிடுகிறவள். இருட்டில் சாப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாத பூச்சி புழு வாயில் போய்ச் சாகும் என்பது காரணம். பொழுது போய்விட்டால் அவளுக்குச் சோறு கிடையாது, தண்ணீர் கிடையாது, மாத்திரைகூடக் கிடையாது.

பொழுது எப்போது போகிறது என்பதில்தான் அம்மாவுக்கும் நைனாவுக்கும், அதாவது என் அப்பாவுக்கும், அவர் இருந்தவரை சண்டை. எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் சூரியன் ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் இறங்கும். மலை மறைத்தபின்னும் கொஞ்ச நேரம் நல்ல வெளிச்சம் இருக்கும். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போதுதான் நிஜமாகவே பொழுது போகும். நைனா அந்த இடைவெளியில்தான் தட்டோடு உட்காருவார். "மலைக்கு அந்தாண்ட இருக்கறவன் இன்னும் வெயில்ல நிக்கிறான்டி. அவனுக்கு ஒரு பொழுது, எனக்கு ஒரு பொழுதா?" என்பார். அம்மா மசியமாட்டாள், அவளுக்கு மலை மறைத்தாலே பொழுது போய்விட்டது. என்றைக்காவது தவிர்க்க முடியாமல் நேரமாகிவிட்டால் பாங்குவரைக்கும் இடம் கொடுப்பாள், அவ்வளவுதான். பாங்கு காதில் விழுந்துவிட்டால் கையில் எடுத்த கவளம் தட்டுக்கே திரும்பிவிடும். நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் அம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்து, காலில் எடை கட்டிக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டார்கள். திரும்ப முடியாது. தலைக்கு மேலே ஒரு மின்விசிறி, பகலெல்லாம் எரிகிற ஒரு டியூப்லைட். ஜன்னலை அடுத்த கட்டடத்தின் சுவர் அடைத்துக்கொண்டிருந்தது. பகலா சாயங்காலமா என்று அவளுக்குத் தெரிய வழியே இல்லை. அதனால் என்னைக் கேட்பாள்.

"பொழுது இருக்குதா?"

நான் வராந்தாவுக்குப் போய் மேற்கே பார்த்துவிட்டு வந்து சொல்வேன். இருக்குது என்றால் சாப்பிடுவாள். இல்லை என்றால் வாயை மூடிக்கொள்வாள். நான் சொல்வதை ஒரு தடவைகூட அவள் சந்தேகப்பட்டதில்லை.

எலும்பு டாக்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார். "விழுந்து ஒரு வாரத்துக்குள்ள பிளேட் வச்சிட்டா அம்மா நடந்துடுவாங்க. அதுக்கு மேல இழுத்துக்கிட்டுப் போனா எனக்கே நம்பிக்கை இல்ல சார். படுக்கையிலேயே கெடந்தா நெஞ்சுல சளி கட்டும், முதுகுல புண்ணு வரும்." அம்மா விழுந்தது திங்கட்கிழமை. வியாழக்கிழமை ஆபரேஷன் என்றார். மூன்று நாள்தானே, நிம்மதியாக இருந்தது.

வியாழக்கிழமை தியேட்டர் கதவில் ஒட்டியிருந்த லிஸ்டில் ஐந்து பெயர். அம்மா ஐந்தாவது. முந்தின ராத்திரியே சிஸ்டர் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லியிருந்தார், பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று. மற்றவர்களுக்குப் பட்டினி பத்து மணிக்கு ஆரம்பித்தது. அம்மாவுக்கு அது ஆறு மணிக்கே ஆரம்பித்துவிட்டது.

வியாழன் மதியம் பைபாஸில் ஒரு விபத்து. ஒரே வண்டியில் மூன்று பேர் வந்தார்கள். தியேட்டர் அவர்களுக்குப் போயிற்று. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அடிபட்டு ரத்தம் ஒழுக வருகிறவனை நிறுத்திவைக்கச் சொல்ல நான் யார்? ஆனால் அம்மாவுக்கு இன்று இல்லை என்று வார்டு ஆள் வந்து சொன்னபோது மணி ஆறே முக்கால். "ஆயாவுக்கு நாளைக்குப்பா. இப்ப சாப்பாடு குடுக்கலாம்."

என் மனைவி செஞ்சியிலிருந்து மத்தியானப் பஸ்ஸில், வெங்காயம் கிழங்கு எதுவும் சேர்க்காமல் சமைத்து கேரியர் கொண்டுவந்திருந்தாள். அது திறக்கப்படாமல் அப்படியே இருந்தது. "பொழுது இருக்குதா?" என்றாள் அம்மா. இல்லை என்றேன். சரி என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். நரம்பில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவளுக்கு ஆட்சேபணை இல்லை. "அது வாய் வழியா போவலையே" என்றாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி லிஸ்ட். அம்மா நான்காவது. மறுபடி காலையிலிருந்து வாயில் ஒன்றும் படவில்லை. மறுபடி ஆறரை மணிக்கு "நாளைக்கு." புதன்கிழமை சாயங்காலம் சாப்பிட்டவள் வெள்ளிக்கிழமை ராத்திரிவரை ஒரு பருக்கை சாப்பிடவில்லை. வாய் உலர்ந்து உதட்டில் வெடிப்பு விழுந்திருந்தது. ஏழு மணிக்கு சிஸ்டர் பாலும் ரொட்டியும் கொண்டுவந்தார். நான் குறுக்கே போய், "அம்மா சாப்பிட மாட்டாங்க சிஸ்டர், எங்க வழக்கம்" என்றேன். முப்பது கட்டில்களுக்கு அந்த ஒரு சிஸ்டர்தான். நான் சொன்னதில் பாதியைத்தான் அவரால் கேட்க முடிந்தது. அந்தப் பாதியை அம்மாவின் தாளில் எழுதிவிட்டுப் போய்விட்டார்: நோயாளி உணவை மறுக்கிறார்.

அந்த வரியால் சனிக்கிழமையும் போயிற்று.

சனிக்கிழமை காலை மயக்க டாக்டர் அதைப் படித்துவிட்டு, சாப்பிட மறுக்கிற ஆளை நான் மயக்கத்தில் போடமாட்டேன், முதலில் மனநல டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும் என்று லிஸ்டிலிருந்து அம்மாவை எடுத்துவிட்டார். நான் கத்தினேன். இது வழக்கம், எங்கள் வழக்கம், பைத்தியம் இல்லை என்று வராந்தாவில் போவோர் வருவோருக்கெல்லாம் சொன்னேன். நான் கத்திய கத்தலைப் பார்த்து, மனநல டாக்டருக்காகக் காத்திருப்பது நான்தான் என்றுகூடச் சிலர் நினைத்திருப்பார்கள்.

மனநல டாக்டர் பன்னிரண்டு மணிக்கு வந்தார். நல்ல மனிதர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, மனசுக்கு ஏதாவது கஷ்டமா? செத்துப் போயிடணும்னு தோணுதா?"

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா தம்பி இப்படிக் கேக்கற? சாவறதுன்னா நான் செஞ்சியிலயே செத்திருக்க மாட்டேனா? நடக்கணும்னுதான் இங்க வந்து படுத்துக் கெடக்கறேன்."

அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு இனி ஆபரேஷன் இல்லை என்பதால் அம்மா பகலிலேயே இரண்டு வேளை தயிர் சாதம் சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் கிடையாது, அன்றும் சாப்பிட்டாள். திங்கட்கிழமை மறுபடி லிஸ்ட். விழுந்து ஒரு வாரம்.

இந்த இடத்தில் என் ஆத்திரம் எது என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டாக்டர் சோம்பேறி இல்லை. காலை எட்டு மணிக்கு உள்ளே போகிறவர் சாயங்காலம்தான் வெளியே வருவார். யாரும் எங்களிடம் கை நீட்டவில்லை, யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்று. இன்றைக்கு இல்லை என்றால் அதை ஐந்து மணிக்குள் சொல்லுங்கள். ஒரு வார்த்தை. அதற்குப் பத்து வினாடிகூட ஆகாது. திங்கட்கிழமை மூன்று மணிக்குக் கேட்டேன், நாலரைக்குக் கேட்டேன், ஐந்தே காலுக்கும் கேட்டேன். "இன்னும் தெரியல சார், வெயிட் பண்ணுங்க" என்றுதான் ஒவ்வொரு தடவையும் பதில். காலையில் எடுத்த ரத்தத்தில் அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

ஆறு மணிக்கு மேல் எலும்பு டாக்டரே வெளியே வந்தார். முகத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அவர் வாயைத் திறக்கும் முன் நான் திறந்துவிட்டேன்.

"இன்னிக்கும் இல்லதான? இத அஞ்சு மணிக்குச் சொல்லியிருந்தா எங்கம்மா சாப்பிட்டிருப்பாங்க சார். உங்களுக்கு எப்பத் தெரியும்? உண்மையச் சொல்லுங்க."

அவர் பச்சைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நெற்றியில் அதன் தடம் பதிந்திருந்தது. "உண்மையச் சொன்னா, மூணு மணிக்கே கஷ்டம்னு தெரியும் சார். ஆனா சொல்லிட்டா நீங்க சாப்பாடு குடுத்துடுவீங்க. நடுவுல ஒரு கேஸ் சீக்கிரம் முடிஞ்சு தியேட்டர் கெடைச்சா, வயித்துல சோறோட ஒருத்தர நான் எடுக்க முடியாது. ஒருவேளை கெடைச்சிட்டா எடுக்கலாம்னுதான் கடைசி ரெண்டு பேர எப்பவுமே பட்டினியா வச்சிருப்போம்."

அவர் எங்களுக்கு நல்லது நினைத்துத்தான் எங்களைப் பட்டினி போட்டிருக்கிறார். போதாததற்கு, கேட்கும்போதே இன்னொன்றும் உறைத்தது. மண்டியில் நானும் இதைத்தான் செய்கிறேன். சாயங்காலத்துக்குள் எடை போட முடியாது என்று மத்தியானமே தெரிந்தாலும், அவலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து மூட்டையோடு வந்தவரை இருங்க, பார்க்கலாம் என்று வெயிலில் உட்காரவைப்பேன், ஒருவேளை முடிந்துவிட்டால் என்று. அவர்கள் வயிற்றில் என்ன இருந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அது தெரிந்ததால் கோபம் குறைந்ததா என்றால் இல்லை, இன்னும் அதிகமாயிற்று.

டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாளைக்குக் காலையில மொத கேஸ் அம்மாதான். நானே எழுதிட்டு வரேன். ஆனா இன்னிக்கு ராத்திரியும் அவங்க சாப்பிடலன்னா மயக்க டாக்டர் ஒத்துக்க மாட்டார், சர்க்கரை அப்படி இருக்குது. நாளைய விட்டா எனக்குத் தியேட்டர் வியாழக்கிழமைதான். அப்ப நான் ஒண்ணும் வாக்குக் குடுக்க முடியாது. எப்படியாவது சாப்பிட வைங்க."

வார்டுக்குப் போகிற வராந்தாவில் மேற்கே பார்த்தேன். மலை இல்லாத ஊர், கட்டடங்களுக்கு நடுவே சிவப்பாக ஒரு கோடு மட்டும் இருந்தது. படியேறும்போது பாங்கு ஆரம்பித்துவிட்டது. செஞ்சியில் கேட்பதுபோலவே தெளிவாகக் கேட்டது. நான் கடைசிப் படியில் நின்று அது முடியும்வரை காத்திருந்தேன். பிறகு உள்ளே போனேன்.

அம்மா கேட்டாள். "பொழுது இருக்குதா?"

"இருக்குதும்மா."

"பாங்கு சொன்னாப்பல இருந்துதே."

"அது அஞ்சு மணி பாங்கும்மா. இன்னிக்கு இல்லன்னு சீக்கிரமே சொல்லிட்டாங்க. வெளியே நல்லா வெயில் இருக்குது."

எதிர்க் கட்டிலில் மாமியாருக்குத் துணையாக இருந்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஐந்து நாளாக எங்கள் கதை முழுக்க அவளுக்குத் தெரியும். பிறகு அம்மாவைப் பார்த்து, "ஆமாம்மா, வெயிலு சுள்ளுனு அடிக்குது. சாப்பிடுங்க" என்றாள்.

அம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள். இட்லியைப் பாலில் பிசைந்து ஊட்டினேன். நாலு இட்லியும் சாப்பிட்டாள், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். எனக்கு அழுகை வந்தது. அது சந்தோஷமா, பயமா, ஏமாற்றிவிட்டோமே என்ற அருவருப்பா என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு உள்ளே எடுத்துப்போய்ப் பதினோரு மணிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். டாக்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். ஒரு வாரம் என்னை அலைக்கழித்தது இரண்டரை மணி நேர வேலை. மூன்று மணிக்கு சிஸ்டர் கஞ்சி கொடுக்கலாம் என்றார். உண்மையிலேயே நல்ல வெயில், பொழுது போக இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். மயக்க மருந்தில் குமட்டுகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீரும் வேண்டாம் என்றாள். மறுநாள் விடிந்த பிறகுதான் குடித்தாள்.

செஞ்சிக்குக் கூட்டிவந்து ஒன்றரை மாதம் ஆனது. முதலில் கட்டிலிலேயே உட்கார்ந்தாள், பிறகு என் தோளைப் பிடித்து நின்றாள், பிறகு வாக்கர். ஆபரேஷன் பண்ணின கால் கொஞ்சம் இழுத்தது, ஆனால் நடந்தாள். நானும் மண்டியில் மூன்று மணிக்கே சொல்லிவிடப் பழகினேன். "இன்னிக்கு ஆவாதுங்க, போய்ச் சாப்பிட்டுட்டு நாளைக்கு வாங்க" என்றால், மூட்டைக்காரர்கள் அதற்கும் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

ஒரு நாள் மண்டியிலிருந்து சீக்கிரமே வந்தேன். என் மனைவி தட்டில் சோறு போட்டு வைத்திருந்தாள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் மங்கலாக இருந்தது, மேகமாகவும் இருக்கலாம். பழக்கத்தில் நான் வாசலைப் பார்த்துவிட்டு, "பொழுது இருக்குதும்மா, சாப்பிடு" என்றேன்.

அம்மா தட்டைத் தொடவில்லை. வாக்கரை இழுத்து, இரண்டு கையாலும் ஊன்றி எழுந்தாள்.

"எங்கம்மா போற?"

"அன்னிக்கு எனக்கும் காது கேட்டுதுடா" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நீ அழுதுடுவ போல நின்னுட்டிருந்த. அதான் வாயத் தொறந்தேன். அதுக்கு மறுநாள் உபவாசம் இருந்து கழிச்சிட்டேன், அத வுடு."

தட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அவள் பின்னாலேயே போனேன்.

அம்மா ஒரு காலை இழுத்து, வாக்கரை நகர்த்தி, மறு காலை எடுத்து வைத்து, பத்தடி தூரத்தைப் பத்து நிமிஷம்போல நடந்து வாசலுக்குப் போனாள். நிலையைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்தாள்.

"டாக்டருக்குப் புண்ணியமா போவட்டும், நடக்கறேன்ல" என்றாள். "இனிமே பொழுத நானே பாத்துக்கறேன். உன்னக் கேக்க மாட்டேன்."